பாஸ்டன் ஐஸ் முதல் ஊத்துக்கோட்டை ஐ.எல்.ஆர் வரை: குளிர் நின்னுபோனா யாரைக் கூப்பிடுறது?

கத்திரி வெயில்ல வீட்டு ஏ.சி. நின்னுபோனா என்ன பண்ணுவீங்க? மெக்கானிக்குக்கு போன் போடுவீங்க. அவர் "நாளைக்கு வரேன் சார்" என்பார். உங்களுக்கு அது ஒரு ராத்திரி புழுக்கம், அவ்வளவுதான்.

சில இடங்களில் அந்த "நாளைக்கு"க்குள் ஒரு வட்டாரத்துக் குழந்தைகளின் ஒரு மாசத்து தடுப்பூசி வீணாகிவிடும். அந்த இடைவெளியை மனுஷன் எப்படியெல்லாம் சமாளிச்சான் என்பதைப் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

ஊத்துக்கோட்டை தெரியாதவங்களுக்கு: பெரியபாளையம் வழியா திருப்பதி போறீங்கன்னா வழியில வர்ற ஊர். திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம். ஆரணி ஆற்றங்கரை. கொஞ்சம் தாண்டினா ஆந்திரா. கண்டலேறுவிலிருந்து கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டுக்குள் நுழைவது இந்தப் பக்கம்தான். கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், மேற்கே வெயிலுக்குப் பேர்போன திருத்தணி. ஏப்ரல், மே மாசத்தில் 40 டிகிரி இங்கே செய்தியே இல்லை.

இந்த வெயில்ல 2 டிகிரிக்குக் கீழேயும் போகாம, 8 டிகிரிக்கு மேலேயும் ஏறாம ஒரு மருந்தை வருஷம் முழுக்க வச்சிருக்கணும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் தினமும் செய்ற வேலை இது. இது எப்படி சாத்தியமாச்சுன்னு பார்க்க 200 வருஷம் பின்னாடி போகணும்.

1796-ல் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைக்கு பசு அம்மையிலிருந்து தடுப்பு கண்டுபிடிச்சார். இங்கிலாந்தின் குளிரில் அது கொஞ்ச நாள் தாங்கும். கப்பல்ல ஏத்தி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினா செத்துப்போகும். நூலில் நனைச்சு அனுப்பினாங்க, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வச்சு அனுப்பினாங்க. பெரும்பாலும் வந்து சேரும்போது வெறும் அழுக்குதான் மிச்சம்.

அப்போ என்ன வழி? குழந்தைகளின் கை.

ஒரு குழந்தைக்கு அம்மை குத்தினா சுமார் எட்டாவது நாள் கொப்புளத்தில் நீர் கட்டும். அந்த நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு. அங்கிருந்து இன்னொரு குழந்தைக்கு. இப்படி கைக்குக் கை மாறித்தான் பாக்தாத், பாஸ்ரா வழியா மும்பை வந்தது. 1802 ஜூன் 14, அன்னா டஸ்ட்ஹால் என்ற மூணு வயசுக் குழந்தை. இந்தியாவில் முதன்முதலில் தடுப்பு எடுத்துக்கொண்டது அவள்தான். அவள் கையிலிருந்து கிளம்பியதுதான் அதே வருஷம் மெட்ராஸ் வரை வந்தது. அடுத்த வருஷம் ஸ்பெயின் அரசு அமெரிக்கக் காலனிகளுக்கு இதையே செய்தது. கப்பலில் 22 அனாதைச் சிறுவர்கள், வழி முழுக்க ஒருத்தனிலிருந்து இன்னொருத்தனுக்கு.

படிக்கும்போது வயிற்றைப் பிசையுதில்ல? அந்தக் காலத்து கோல்ட் செயின் இதுதான். பெட்டிக்குப் பதில் பிள்ளைங்க. ஒரு வாரம் அடுத்த குழந்தை கிடைக்கலேன்னா சங்கிலி அறுந்துடும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கை மாறும்போது மேகப்புண் மாதிரி வேற நோயும் சேர்ந்து பரவிய கதைகள் உண்டு.

இப்போ ஐஸுக்கு வருவோம். பாஸ்டன்ல ஃப்ரெடெரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. குளிர்காலத்தில் உறைந்த ஏரியை வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல உலகம் முழுக்க வித்தவர். 1833-ல் 180 டன் ஐஸோட அவர் அனுப்பிய டஸ்கனி என்ற கப்பல் நாலு மாசம் கடலில் மிதந்து கல்கத்தா வந்து சேர்ந்தப்போ சுமார் 100 டன் மிச்சம் இருந்ததாம்! மெட்ராஸிலும் இறக்கி வைக்க 1842 வாக்கில் கடற்கரையில் வட்ட முகப்போட ஒரு கட்டடம் கட்டினாங்க. அதுதான் ஐஸ் ஹவுஸ். பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கினார், 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினார், இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த ஏரியாவுக்கு ஐஸ் ஹவுஸ்னுதான் பேர்.

மிஷினே இல்லாமல் அத்தனை மாசம் ஐஸ் எப்படி நின்னுச்சு? வெப்பம் உள்ளே போக விடாத மூடல். ஐஸே ஐஸைக் காப்பாத்தியது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

ஐஸ் மிஷினுக்கு ஆரம்பகாலத்தில் பேட்டண்ட் வாங்கியவர்களில் ஒருத்தர் டாக்டர். ஜான் கோரி, அமெரிக்காவின் ஃப்ளோரிடாக்காரர். மலேரியா, மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் அறைக் கூரையில் ஐஸ் பாத்திரம் தொங்கவிட்டு அறையைக் குளிர வைப்பார். கெட்ட காத்துதான் நோய்க்குக் காரணம்னு நம்பிய காலம் அது. காரணம் தப்பு, ஆனா காய்ச்சல்காரனுக்குக் குளிர்ச்சி இதம்தானே. வடக்கிலிருந்து ஐஸ் கப்பல் வரலேன்னா கதை முடிஞ்சது. அதனால தானே மிஷின் செய்தார். 1851-ல் பேட்டண்ட் கிடைச்சது, பணம் போட ஆள் கிடைக்கல, 1855-ல் நொடிஞ்சுபோய் இறந்தார். உங்க ஸ்ப்ளிட் ஏ.சி.யின் கொள்ளுத் தாத்தா ஒரு ஃபீவர் வார்டில் பிறந்தவர் என்பதில் என் மாதிரி ஆட்களுக்கு கொஞ்சம் பெருமை உண்டு, மன்னிச்சுடுங்க.

1874-ல் மெட்ராஸிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி வந்து மிஷினில் ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சது. பாஸ்டன் ஐஸ் வியாபாரம் மெல்லப் படுத்தது. ஆனா இங்கேதான் ஒரு புதுத் தலைவலி ஆரம்பம். ஏரி ஐஸ் உருகும், ரிப்பேர் ஆகாது. மிஷின் ரிப்பேர் ஆகும். அதோட ஆரம்பகால மிஷின்களில் ஓடியது அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெதில் குளோரைடு மாதிரி விஷ வாயுக்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் கேஸ் கசிஞ்சு ஒரு பெர்லின் குடும்பமே இறந்த செய்தி படிச்சு, ஐன்ஸ்டைனும் ஸிலார்டும் சேர்ந்து அசையும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைச்சாங்க. அந்த ஐன்ஸ்டைன்தான், ஆமா. அது கடைக்கு வரல.

தடுப்பூசிக்குத் திரும்புவோம். 1899-ல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கினாங்க. குழந்தையின் கைக்குப் பதில் கன்றின் தோலில் வளர்த்த அம்மைப்பாலை அங்கே தயாரிச்சு மாகாணம் முழுக்க அனுப்பினாங்க. அதுவும் வெயிலில் கெட்டுப்போகும் சரக்குதான். 1950-களில் லண்டனில் லெஸ்லி காலியர் அதை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் முறையைச் செம்மையாக்கினார். 37 டிகிரியில் ஒரு மாசம் வச்சாலும் வீரியம் குறையாது. கிண்டியிலும் இந்த உலர் தடுப்பு மருந்து தயாரானது. 1975 மே மாசத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிஞ்சது. என் கணிப்பில், பெரியம்மை ஒழிந்ததற்கு ஒரு பெரிய காரணம், கடைசிக் கட்டத்தில் அது ஃப்ரிட்ஜை நம்பி இல்லாததுதான்.

போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை, முத்தடுப்பு எல்லாம் அப்படி இல்லை. குறிப்பா போலியோ சொட்டு, வெயில் பட்டா முதல்ல படுக்கிற ஆள். 1978-ல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம், 1985-ல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் வந்தப்போ இந்தியா எதிர்கொண்ட கேள்வி இதுதான்: பாதி நாள் கரண்ட் இல்லாத கிராமத்தில் குளிர் எப்படி நிக்கும்?

பதில்: ஐ.எல்.ஆர். அதாவது, சுவர் முழுக்க ஐஸ் வச்ச ஃப்ரிட்ஜ். கரண்ட் இருக்கும்போது சுவருக்குள் தண்ணி ஐஸாகும். கரண்ட் போனா அந்த ஐஸ் சுவர் உள்ளே இருக்கும் மருந்தைக் காக்கும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தா போதும். வெளியே 43 டிகிரி வெயில் அடிச்சாலும், கரண்டே இல்லாம குறைஞ்சது 20 மணி நேரம் தாங்கணும் என்பது உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கும் தகுதி. கதவு மேல்பக்கம் திறக்கும், ஏன்னா குளிர்ந்த காத்து கனமானது. திறந்தாலும் கீழேயே தங்கும். முன்பக்கம் திறக்கிற உங்க வீட்டு ஃப்ரிட்ஜில் கதவைத் திறந்ததும் கால்ல ஜில்லுனு கொட்டுமே, அந்தக் குளிர் இதில் வீணாகாது.

டியூடர் ஞாபகம் வருதா? மூடி வை, ஐஸ் ஐஸைக் காக்கட்டும். மெட்ராஸ் கடற்கரையில் 1842-ல் செய்ததைத்தான் மோட்டார் வச்சு ஊத்துக்கோட்டையில் செய்றோம். அந்த 20 மணி நேரம் மெக்கானிக் வந்து சேர்வதற்கான டைம். பக்கத்து நிலையத்தின் ஐ.எல்.ஆருக்கு மருந்தை மாத்துவதற்கான டைம்.

இந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒண்ணில் நான் பார்த்ததைச் சொல்றேன். காலையில் சிஸ்டர் வந்து "சார், 8-ஐத் தொடப்போகுது"ன்னாங்க. பத்து நிமிஷத்தில் மருந்து எல்லாம் ஐஸ் பேக் அடுக்கின கோல்ட் பாக்ஸுக்குள் போயிடுச்சு. மெக்கானிக் வந்து ஐ.எல்.ஆரைத் தொடவே இல்லை. நேரா சுவரில் இருந்த ஸ்டெபிலைசரைத் திறந்தார். "கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு சார். ராத்திரி வோல்டேஜ் ஏறி இறங்குனதுல இது தன் உயிரைக் கொடுத்திருக்கு." மாத்தினார், டீ குடிச்சார், கிளம்பிட்டார். அடுத்த புதன்கிழமை வழக்கம்போல ஊசி போட்டோம். அந்த அம்மாக்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

அவர் போகும்போது தெர்மோஸ்டாட்டைக் காட்டி "இதை யாரும் திருகாதீங்க சிஸ்டர்"னு சொன்னதுதான் முக்கியமான வைத்தியம். சூடு ஏறிடுச்சேன்னு பயந்து யாராவது குளிரைக் கூட்டி வச்சுடுவாங்க. ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட், டி.டி. எல்லாம் உறைஞ்சா வீண். ஹெபடைட்டிஸ் பி மைனஸ் அரை டிகிரியிலேயே உறையும். சூட்டில் கெட்ட மருந்தைக் காட்டிக்கொடுக்க வயலின் மேல் நிறம் மாறும் ஒரு வில்லை இருக்கு, 1996-ல் போலியோ சொட்டில் முதலில் வந்தது. உறைஞ்சு கெட்டதைக் காட்ட அப்படி எதுவும் இல்லை. குலுக்கி வச்சு, அடியில் வண்டல் சீக்கிரம் படியுதான்னு பார்க்கணும். என்னைக் கேட்டா, நம்ம ஊரில் வெயிலுக்குப் பயப்படுற அளவு உறைவதற்கு யாரும் பயப்படுறதில்லை.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லேன்னா நியாயம் இல்லை. 1970-களில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான், மூணு சொட்டு போட்ட பிள்ளைகளுக்கும் போதிய எதிர்ப்பு சக்தி வரலேன்னு கண்டார். உடனே உலகம் சொன்னது: "உங்க ஃப்ரிட்ஜ் சரியில்லை." அவர் மருந்தின் வீரியத்தைச் சோதிச்சுக் காட்டினார், குளிர் சரியாகவே இருந்தது. நம்ம ஊர்க் குழந்தைகளின் குடலில் அந்த மருந்து சரியாப் பிடிக்கல, கூடுதல் டோஸ் வேணும் என்பதுதான் விஷயம். மெக்கானிக் மேல் பழி போடுறது எல்லாருக்கும் சுலபம்.

20 மணி நேரமும் போதாத நாட்கள் உண்டு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் கம்பங்கள் சரிஞ்சு பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர், டீசல், கோல்ட் பாக்ஸ், மருந்தை ஏத்திட்டு ஓட ஒரு ஜீப், இவைதான் அன்றைய வைத்தியம். பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணி ஆறு பெருகினா ஊத்துக்கோட்டையின் பழைய தரைப்பாலம் மூழ்கிடும், போக்குவரத்து நின்னுடும். மெக்கானிக் அக்கரையில், மிஷின் இக்கரையில். பிறகு வந்த உயர்மட்டப் பாலத்தை நான் தடுப்பூசித் திட்டத்தின் ஒரு பாகமாத்தான் பார்க்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஏ.சி. நின்னுபோன வீட்டில் வயசானவங்க, கைக்குழந்தை, கிட்னி அல்லது மனநல மாத்திரை எடுக்கிறவங்க இருந்தா, மெக்கானிக் வரும்வரை அவங்களை கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே படுக்க வைக்காதீங்க. கீழ் மாடிக்கு இறக்குங்க. இது சும்மா சொல்றதில்லை. 2010 மே மாசம் அகமதாபாத் 46.8 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தாங்க. அங்கே ஷார்தாபென் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் வெப்பத்தால் அவதிப்பட்டதைப் பார்த்து, மேல்தளத்தில் இருந்த பிரசவ வார்டைக் கீழே மாத்தினாங்க. அதன் பிறகு வெப்பத்தால் அட்மிட் ஆன குழந்தைகள் குறைஞ்சாங்க.

உளறல், தள்ளாட்டம், உடம்பு கொதிக்குது என்றால் அது வெறும் புழுக்கம் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். 108-க்கு போன், அது வரும்வரை துணியைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணி, விசிறி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவில்லாதவர் வாயில் தண்ணி ஊத்தக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு.

ஃப்ரிட்ஜ் நின்னா இன்சுலினைப் பதறித் தூக்கிப் போடாதீங்க. இப்போ பயன்படுத்திட்டு இருக்கும் வயலை ஈர மணல் மேல் வச்ச மண்பானையில், நனையாமல் டப்பாவில் போட்டு வையுங்க, சில வாரம் தாங்கும். ஐஸ் மேல் நேரா வைக்காதீங்க. அதுவும் உறையக் கூடாது.

அடுத்த முறை குழந்தைக்கு ஊசி போட அரசு சுகாதார நிலையம் போனா, ஐ.எல்.ஆர் பக்கத்தில் மாட்டியிருக்கும் டெம்பரேச்சர் சார்ட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, காட்டுவாங்க. காலை ஒரு புள்ளி, மாலை ஒரு புள்ளி. ஞாயித்துக்கிழமைக்கும் இருக்கணும். பொங்கலுக்கும், தீபாவளிக்கும்.