மேல்நோக்கிய வாய்: ஒரு சிறுமீனின் இரையும் சென்னை மாகாணத்தின் மலேரியா வரலாறும்

சித்தூர் மாவட்டத்தின் வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம் வட்டாரம் ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர்செய்த நிலம். 1911இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட இம்மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னையின் ஆட்சியில் இருந்தது. எனவே இதன் கிணறுகளில் எந்த மீன் நீந்த வேண்டும் என்பதும் சென்னையில் வகுக்கப்பட்ட சுகாதாரக் கொள்கையோடு தொடர்புடைய கேள்வியாயிற்று. அக்கொள்கையை வழிநடத்தியது விரல் நீள மீன்களின் இரை பற்றிய ஓர் எளிய கணக்கு. அந்தக் கணக்கில் விடுபட்டது என்ன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தென்னிந்திய நீர்நிலைகளுக்கு உரிய பஞ்சாக்ஸ் இன மீன்கள் நீரின் மேற்பரப்பை ஒட்டி வாழ்பவை. தட்டையான தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், உச்சியில் மின்னும் ஒரு வெண்புள்ளி ஆகியவை அவற்றின் அடையாளங்கள். மலையாளத்தில் இம்மீனுக்கு வழங்கும் ‘மானத்துக்கண்ணி’ என்னும் பெயர் வானத்தை நோக்கிய அதன் கண்ணைக் குறிப்பது. கண்ணாடித் தொட்டியில் இதனை வளர்ப்போர் விரைவில் ஒரு பாடம் கற்பர். அடியில் அமிழும் தீனியை இம்மீன் பெரும்பாலும் நாடாது. எஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுக்கும். மிதக்கும் தீனி, எறும்பு, கொசுப்புழு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக இடுவதே தக்க முறை.

இந்த உடலமைப்பே மலேரியா ஆய்வாளரையும் ஈர்த்தது. க்யூலெக்ஸ் கொசுவின் புழு மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அத்தகைய குழல் இல்லை. அது நீர்மட்டத்திற்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். ஆகவே மேற்பரப்பில் இரைதேடும் வாய், மலேரியா கொசுவின் புழுவைப் பற்றுவதற்கென்றே அமைந்ததுபோல் தோன்றியது.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அதன்பின் 15 ஆண்டுகளில், 1912இல், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வாயிலாகச் சீமோர் சீவெல், பி. எல். சௌத்ரி இருவரும் கொசுப்புழுக்களை அழிப்பதில் பயன் நிறுவப்பட்ட இந்திய மீன்களைத் தொகுத்து நூல் வெளியிட்டனர். பஞ்சாக்ஸ் அதில் இடம்பெற்றது. சென்னையில் 1909இல் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டிருந்தது. அங்கே மீன் காட்சிப்பொருள். சுகாதார ஏடுகளிலோ அது ஊதியமில்லா ஊழியன். அந்த ஊழியனுக்குத் தீனி இடக்கூடாது என்பதே திட்டத்தின் உட்பொருள். பசியே அதன் பணி.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. பஞ்சாக்ஸ் இன மீன்கள் கப்பலேறி ஐரோப்பியத் தொட்டிகளை அடைந்தன. குள்ளப் பஞ்சாக்ஸுக்கு 1911இல் அறிவியல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய மீன் வளர்ப்பாளர் அர்னால்ட். இங்கே பசியுடன் இருக்க வேண்டியதெனக் கருதப்பட்ட மீன், அங்கே வேளை தவறாது ஊட்டப்படும் செல்லப்பிராணியாயிற்று.

இங்குள்ள கிணறுகளுக்கோ வெளிநாட்டு மீன்கள் வந்தன. தென் அமெரிக்காவின் கப்பி மீன் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளை ஒட்டி இந்தியாவை அடைந்தது. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த கம்பூசியா, 1920களில் ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளில் மலேரியா எதிர்ப்புக்குப் பயன்பட்டபின், 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இவையும் மேல்நோக்கிய வாயுடைய மீன்களே. வேறுபாடு இனப்பெருக்கத்தில் உள்ளது. பஞ்சாக்ஸ் நீர்த்தாவரங்களில் சில முட்டைகளாக ஒட்டிவைக்கும். கப்பியும் கம்பூசியாவும் குட்டி ஈனுபவை. செடியற்ற கிணற்றிலும் பெருகுபவை. நிர்வாகத்திற்கு இது பெரும் வசதி.

அவ்வசதி வெறும் மாயையன்று. சித்தூரை அடுத்த கோலார் மாவட்டத்தில் கிணறுகளில் கப்பி மீன் விடப்பட்டதன் விளைவாக அனாபிலிஸ் புழுக்கள் பெரிதும் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைகளின் உயிர் காக்கும் முறையை எளிதில் இகழ இயலாது.

எனினும், ஒரு கம்பூசியா நாளொன்றுக்கு 100 முதல் 300 புழுக்கள் வரை தின்னும் எனக் கையேடுகள் தரும் எண்ணிக்கை, மீனின் உணவுப் பட்டியலில் ஒரு வரியை மட்டுமே எடுத்துரைக்கிறது. வேறு இரை கிடைக்கும் நீரில் அம்மீன் புழுவோடு நிற்பதில்லை. பிற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை ஆகியவற்றையும் தின்னும். கிணறு மூடிய நீர்நிலை. ஏரியும் கால்வாயும் அவ்வாறல்ல. பெருமழையில் வழியும் நீரோடு மீனும் செல்லும். உலகின் மிகக் கேடான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் கம்பூசியா இன்று இடம்பெற்றுள்ளது. சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையமும் 2018இல் கம்பூசியா, கப்பி இரண்டையும் ஊடுருவும் அயல் இனங்களாக வகைப்படுத்தியது.

இவ்வரலாற்றில் அறிவியல் தோற்றது என்பதைவிட, கேள்வி சுருங்கியது என்பதே பொருந்தும். ‘எத்தனை புழு தின்னும்?’ என்று கேட்டவர்கள், ‘புழு தீர்ந்தபின் எதைத் தின்னும்?’ என்பதற்கும் அதே எடையை அளித்திருக்க வேண்டும். தொட்டியில் மீன் வளர்ப்பவருக்கு இந்த இரண்டாம் கேள்வி அன்றாடப் பழக்கம். தீனி குறைந்தால் பெரிய மீன் சிறியதைக் கடிக்கும் என்பதை அவர் அறிவார். வெதுருகுப்பம் போன்ற ஊர்களில் ஒரு கிணற்றில் மீன் விடுமுன், அந்நீர் எந்த ஏரியில் சென்று வழிகிறது, அவ்வேரியில் ஏற்கெனவே மேற்பரப்பில் இரைதேடும் உள்ளூர் மீன் எது என்பதைப் பதிவுசெய்வது பெருஞ்செலவுள்ள பணியன்று. 1912இன் பட்டியலே அதற்கான தொடக்கத்தைத் தந்திருந்தது.