லயத்துக்கு வந்த டிரான்சிஸ்டர்

மலிவான பாட்டுப் பெட்டி ஒன்றை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் ஒலியின் தரத்தில்தான் தொடங்குகிறார்கள். குரல் தெளிவாகக் கேட்கிறதா, சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறதா, கொடுத்த காசுக்குத் தகுமா என்று பார்க்கிறார்கள். மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு இசைக் கருவி வந்த வரலாற்றை இந்த அளவுகோலால் அளந்தால் ஒன்றும் பிடிபடாது. கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு வேறு மூன்று கேள்விகள் இருந்தன. பேட்டரிக் கட்டை எத்தனை நாள் தாங்கும்? மலை மறைக்கும் பள்ளத்தில் நிலையம் எடுக்குமா? நிலையத்தை மாற்றும் திருகு யார் கையில் இருக்கும்? மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது என்றும், முதல் இரண்டுக்கும் நல்ல பதில் சொன்ன எளிய, விலை குறைந்த கருவியால்தான் அந்தத் திருகு தொழிலாளியின் கைக்கு வந்தது என்றும் நான் கருதுகிறேன்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். தேயிலை வந்தது அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் பிறகு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்த அனுபவமுள்ள ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தொடங்கியது. காடு வெட்டி, சரிவைச் செதுக்கி, கன்று நட்டவர்களில் தமிழர்கள் பெரும்பங்கினர். 1938இல் இந்திய அரசு, மலாயாத் தோட்ட வேலைக்கு உதவி பெற்று ஆட்கள் புறப்படுவதைத் தடைசெய்தது. கங்காணி என்ற மேற்பார்வையாளர் ஊருக்குப் போய் ஆள்கட்டும் வழி அதோடு அடைபட்டது. ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே ஆள் போக்குவரத்து மெலிந்த பிறகு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் புதிய பாட்டும் செய்தியும் எட்டுவது இன்னும் அருமையாயிற்று. கோயில் திருவிழாவின் தப்பும் உடுக்கையும், வேலைக்காட்டில் பாடிய பாட்டும் அவர்களிடம் இருந்தன. தொலைவிலிருந்து வரும் குரல் என்று எதுவும் அவர்களுக்குச் சொந்தமாக இல்லை. கிராமபோனும் அதற்கான தட்டுகளும் வசதியுள்ள வீடுகளின் பொருள்களாகவே இருந்தன.

மலாயாவில் வானொலி அதற்கு முன்பே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. போருக்குப்பின் 1946இல் ரேடியோ மலாயா உருவானது. தோட்டத் தொழிலாளியை ஒரு நேயராக அரசு பொருட்படுத்தத் தொடங்கியது 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகுதான். 1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டம் புறம்போக்கில் குடியிருந்த சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்தது. தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளையும் ஒன்றாகக் குவித்து முள்வேலி போடச் செய்தது. அதே ஆண்டு பிபிசியைச் சேர்ந்த ஹியூ கார்ல்டன் கிரீன் அவசரகாலத் தகவல் சேவைக்குத் தலைவராக வந்து வானொலிக்கு முக்கிய இடம் கொடுத்தார். தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் ஒலித்தது. செய்தி, எச்சரிக்கை, சரணடைந்த கிளர்ச்சியாளரின் பேச்சு, இடையிடையே பாட்டு. ஏழை மக்களுக்கு ஒலிபரப்பு எட்டவேண்டும் என்ற எண்ணம் அன்று பிரிட்டிஷ் பேரரசின் பல மூலைகளிலும் இருந்தது. 1949இல் வட ரொடீசியாவில் (இன்றைய ஜாம்பியா) ஹாரி ஃபிராங்க்ளினின் முயற்சியால், சமையல் சட்டியின் வடிவத்தில், உலர் பேட்டரியில் ஓடும் பெட்டி ஒன்று ஐந்து பவுன் விலைக்கு வந்தது. அதை மக்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மலாயாத் தோட்டத்துக்கு வந்ததோ பொதுப் பெட்டி. நிர்வாகத்தின் சம்மதத்தோடு பொது இடத்தில் வைத்த பெட்டி அது. எப்போது திறப்பது, எதைக் கேட்பது என்ற முடிவு கேட்கிறவனுடையது அல்ல. ஒலி நன்றாகவே இருந்திருக்கலாம். எனினும், கருவியைச் சொந்தமாக வைத்திருப்பதன் பயன் அவனுக்குக் கிட்டவில்லை.

அந்த நாளில் தொழிலாளி தனக்கென ஒரு பெட்டி வாங்கமுடியாமல் போனதற்கு விலை மட்டும் காரணமில்லை, தீனியும் காரணம். மின்சாரம் இல்லாத வீட்டில் வால்வு வானொலி ஓட இரண்டு வகை பேட்டரி வேண்டும்: வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், மறுபுறம் தொண்ணூறு வோல்ட் வரையிலான கனத்த அடுக்கு. நான்கு வால்வு உள்ள சிறிய பெட்டிக்கே ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரம் தேவைப்படும். பெட்டியை ஒருமுறை வாங்கிவிடலாம், பேட்டரியை வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு இழை கிடையாது, சூடேற்றும் வேலையும் கிடையாது. 1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 கிட்டத்தட்ட ஐம்பது டாலருக்கும், 1957இல் ஜப்பானில் சோனி டிஆர்-63 13,800 யென்னுக்கும் விற்றன. தொழிலாளிக்கு இவையும் மலிவானவை அல்ல. ஆனால் டிரான்சிஸ்டர் பெட்டி மிதமான சத்தத்தில் வால்வுப் பெட்டியின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கே ஓடியது; கடையில் டார்ச் விளக்குக்கு விற்கும் அதே கட்டைகளே போதும். 1960களில் ஜப்பானோடு ஹாங்காங்கும் இத்தகைய பெட்டிகளை ஏராளமாகச் செய்யத் தொடங்க, விலையும் இறங்கியது. தோட்டத்துச் சம்பளத்துக்குள் அடங்கியது முதலில் இந்தத் தீனிச் செலவு. பெட்டியின் விலை அதற்குப் பின்னால் வந்தது. தீரும் நிலையில் உள்ள கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு மாலை ஓட்டும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தது. மதியத்திலேயே மூடுபனி இறங்கும் கேமரன் மலையில் வெயிலும் தாராளமாகக் கிடைக்காது. கட்டை அதிகம் தின்னாத பெட்டியே அங்கே நல்ல பெட்டி.

பள்ளத்தின் கேள்விக்கும் அந்தச் சிறிய பெட்டி பதில் சொன்னது. சிற்றலை வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி இறங்குவதால் மலை அதை மறைப்பதில்லை. மத்திய அலை பகலில் தரையை ஒட்டித் தவழ்ந்தாலும் இரவில் வானில் பட்டுத் தொலைதூரம் போகும். பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. நிலையத்துக்கு அகலவாட்டில் அமைந்தால் ஒலி ஏறும், முனையைக் காட்டினால் அடங்கிவிடும். ஜன்னல் கட்டையில் வைத்த பெட்டியை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக் கோலாலம்பூரைப் பிடிக்கலாம், சிற்றலைக்கு ஒரு கம்பித் துண்டைக் கூரைக்கு இழுத்து இன்னும் தொலைவைத் தேடலாம். பட்டணத்து நேயருக்குத் தேவைப்படாத இந்த நுட்பத்தை லயத்தில் சின்னப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொள்ள முடிந்தது. கருவி எளிமையாக இருந்ததே அதற்குக் காரணம். சுற்றுவதற்கு இரண்டு திருகு, அவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. வானொலி அரசின் வாய்தானே, மலிவான பெட்டி மக்களைச் சாந்தப்படுத்தும் மருந்துதானே, கூலி உயர்வுக்குப் போராட வேண்டியவர்களைச் சினிமாப் பாட்டில் மயக்கியது அதுதானே என்பார்கள். அவசரகாலத்துப் பொதுப் பெட்டிக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். திருகு கைக்கு வந்த பிறகு பொருந்தாது. இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். நேயர்கள் திருகைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசே இறங்கிவந்தது. மலேசியத் தமிழ் ஒலிபரப்பும் வெறும் அறிவிப்புப் பலகையாக இருந்துவிடவில்லை. இரா. பாலகிருஷ்ணன் போன்றவர்கள் அதை வழிநடத்தினார்கள். ரெ. சண்முகம் அதில் பாடினார். பின்னாளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியரான எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு அங்கே பணியாற்றினார். உள்ளூர் நாடகமும் உள்ளூர்ப் பாடகரும் அதில் இடம்பெற்றார்கள். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் நாடெங்கும் ஒலித்தன. தோட்டப் பெயர்ப்பதிவேட்டில் மட்டும் இருந்த ஒரு மனிதருக்கு இது சிறிய விஷயமல்ல. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவாகி வளர்ந்ததும் இதே காலத்தில்தான். பாட்டுக் கேட்டவர்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டாமல் போனார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. பெட்டியின் பாட்டு வந்ததும் வாயின் பாட்டு போயிற்று என்பது. வேலைக்காட்டுப் பாட்டு மெலிந்தது உண்மை, அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. பழி முழுவதையும் வானொலிமேல் போட மட்டும் நான் ஒப்பமாட்டேன். கை விரலால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரி வந்தது. அடுத்து இருவர் பிடித்துச் செல்லும் மோட்டார் இயந்திரம் வந்தது. அந்த இரைச்சலில் பக்கத்து நிரைக்குக் குரல் கேட்காது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு எப்படி நிலைக்கும்? பிள்ளைகள் படித்துத் தோட்டத்தை விட்டு இறங்கியதும் ஒரு காரணம். வாயின் பாட்டு போயிற்று என்ற வாதத்துக்குக் கேசட் வேறொரு பதிலையும் கொண்டுவந்தது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறு நாடா, வானொலியோடு ஒரே பெட்டியில் சேர்ந்தபோது, அந்தப் பெட்டியின் விலை அதிகமில்லாத மாதிரிகளிலும் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பதிவாகும். கோயில் பஜனையையும் பாட்டியின் தாலாட்டையும் தொழிலாளியே பதிந்துவைக்க முடிந்தது. கேட்பவனுக்குத் திருகு கிடைத்தது போலப் பாடுபவனுக்கு நாடா கிடைத்தது. 1979இல் சோனி விற்கத் தொடங்கிய முதல் வாக்மேனின் ஒலித் தரத்தை உலகமே மெச்சியது. ஆனால் அதில் ஒலிபெருக்கியும் இல்லை, பதியும் பொத்தானும் இல்லை. ஒரு சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள் சேர்ந்து பாட்டுக் கேட்டு வாழும் லயத்துக்கு அது பொருத்தமான கருவி என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று கைப்பேசி இருக்க, தனிப் பாட்டுப் பெட்டியை எதற்கு எடைபோடவேண்டும் என்று கேட்கலாம். பள்ளத்தின் கேள்வி இன்னும் தீரவில்லை என்பதே காரணம். பண்பலை வானொலி நேர்கோட்டில் பாயும். மலை குறுக்கே வந்தால் தேயும். பிரிஞ்சாங் சிகரம் 2,031 மீட்டர். அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது என்றாலும் அதன் பார்வை படாத மடிப்புகள் மலையில் உண்டு. கைப்பேசிச் சமிக்ஞைக்கும் அதே கதிதான். நினைவட்டை செருகும் சிறிய ஒலிபெருக்கிக்கு எந்தக் கோபுரமும் வேண்டாம். கொழுந்து பறிப்பவர்களும் மாறியிருக்கிறார்கள். தமிழர்கள் இறங்கிப்போன நிரைகளில் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். தமிழருக்கு ரேடியோ மலாயாவில் ஒரு தமிழ்ப் பிரிவு இருந்தது, அது இன்று மின்னல் எஃப்எம் ஆகத் தொடர்கிறது. நேப்பாளிக்கும் வங்காளிக்கும் மலேசிய அரசு வானொலியின் நாடளாவிய நிலையங்களில் அப்படி ஒன்று கிடையாது. திருப்பினாலும் தன் மொழி வராத திருகால் அவர்களுக்குப் பயனில்லை. ஆகவே அவர்களுக்கான பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியவை நினைவட்டை நுழையும் அந்தச் சிறு பிளவும், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் அது ஒரு முழு நாள் தாங்குமா என்பதும்தான்.