ருஃபைதாவின் கூடாரமும் கோரிப்பாளையத்து மருத்துவமனையும்

மதீனமாநகர்ப் பள்ளிவாசலின் எல்லைக்குள்ளேயே மருத்துவக் கூடாரம் ஒன்று இருந்ததென்பதை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். ஹிஜ்ரி 5இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து இரத்தக்குழாய் அறுபட்டது. அருகிருந்து நலம் விசாரிக்க ஏதுவாக அன்னாரைப் பள்ளிவாசற் கூடாரத்தில் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அக்கூடாரத்திற்குரியவர் அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) என்று இப்னு இஸ்ஹாக் வரைகிறார். காயம்பட்டோரைப் பேணுவதையே அப்பெண்மணி தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார்.

ஆறத் தொடங்கிய அப்புண் மீண்டும் வாய் திறந்து குருதி பெருகிற்று. ஸஅது (ரலி) அவர்கள் வேண்டி நின்ற ஷஹாதத்தை இறைவன் அவர்களுக்கு அருளினான். மேலே ஆறியதாகத் தோன்றும் புண் உள்ளே ஆறாதிருக்கக் கூடும் என்பது இன்றும் செவிலியருக்குக் கற்பிக்கப்படும் எச்சரிக்கையே.

ருஃபைதா தனியொருவர் அல்லர். உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் உடன்சென்று காயத்திற்கு மருந்திட்டார். ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) காயம்பட்டோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்த பெண்களில் ஒருவர். கைபருக்குப் படை புறப்பட்டபோது கிஃபார் குலத்துப் பெண்கள் வந்து, காயம்பட்டோருக்கு உதவ அனுமதி கேட்டனர். பெருமானார் (ஸல்) இசைந்தார்கள். அவர்களுள் மிக இளையவளான ஒரு பெண்ணுக்கு வெற்றிக்குப் பின் கழுத்துமாலை ஒன்றைத் தம் கையாலேயே அணிவித்தார்கள். இறக்கும் வரை அவள் அதைக் கழற்றவில்லை. தன்னோடு அடக்கம் செய்யுமாறு சொல்லிச் சென்றாள்.

மதுரையில் வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவுக்கு அண்மையில்தான் அரசு இராசாசி மருத்துவமனை நிற்கிறது. முதியோர் நாவில் அது இன்னும் ‘எர்ஸ்கின் ஆஸ்பத்திரி’தான். தைத் திங்கள் முதல் மூன்று நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் மாடு குத்திச் சாய்ந்தோர் இங்கே வருகின்றனர். நான்கு வழிச் சாலையில் அடிபட்டோர் வருவதற்கோ நாளும் கிழமையும் இல்லை.

கொம்பு குத்திய புண்ணின் வாய் சிறிதாயிருக்கும்; உள்ளே அது எவ்வளவு தூரம் சென்றதென்பது வெளியே தெரியாது. குடல் வெளிவந்திருப்பின் அதை உள்ளே தள்ளலாகாது; உப்புநீரில் நனைத்த தூய துணியால் மூடி வைக்க வேண்டும். தைத்து நிற்கும் கம்பியை அவ்விடத்திலேயே பிடுங்கலாகாது. பதறிய சுற்றத்தார் இவற்றைத்தான் முதலில் செய்யத் துடிப்பர்! இரக்கம் அவர்களிடமும் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியோ முதலில் மூச்சுப் பாதை, பின் சுவாசம், பின் இரத்த ஓட்டம் என்ற வரிசையில் பார்ப்பார்.

இவ்வரிசை உலகெங்கும் ஒரே முறையாக நிலைபெற்ற வரலாறு அண்மைக்காலத்தது. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் வயலில் வீழ்ந்தது. மனைவி மாண்டார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். அருகூர் மருத்துவமனையில் கண்ட தடுமாற்றத்தால் வருந்திய அவர், தோழர்களுடன் ஒரு பாடத்திட்டம் வகுத்தார். 1978இல் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அந்நாட்டு அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது. பின்னர்ச் செவிலியர்க்கெனத் தனிப் பாடங்கள் எழுந்தன. இவற்றின் சான்றிதழ் நான்காண்டுகளே செல்லும். பிறகு மீண்டும் பயின்று தேற வேண்டும். பழகாத கை மறந்துவிடும் என்ற உண்மையை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. இந்தியச் செவிலியர் மன்றமும் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வியை வகுத்தது. ஆயின் இரவும் பகலும் ஆள் பற்றாத வார்டிலிருந்து ஒரு செவிலியை வகுப்புக்கு அனுப்ப மேலாளர்க்கு மனம் வருமா என்பதே நம் ஐயம். விதி எழுதுவது எளிது.

நம் நாட்டில் வாசற்கதவும் மெல்லத்தான் திறந்தது. போலீஸ் வழக்கென்று அஞ்சி அடிபட்டோரைத் திருப்பியனுப்பும் வழக்கத்தை 1989இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2008இல் தமிழகத்தில் 108 ஊர்தி வந்தது. 2021இல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தொடங்கிற்று. இன்று அரசு அவசரப் பிரிவுகளில் வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கின்றனர். யார் முதலில், யார் காத்திருக்கலாம் என்று நொடியில் கணிக்க வேண்டிய அவ்விடத்தில் செவிலியின் படிப்பு ஓர் உயிரின் விலை பெறுகிறது.

மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்ப நம் வீடுகளில் இன்னும் தயக்கம் இருக்கிறது. இரவுப் பணி, அந்நிய ஆடவர் உடல், மண வாய்ப்பு என்று காரணங்கள் அடுக்கப்படும். அவை முற்றிலும் வெறுமையானவை என்று நாம் சொல்லோம். விடுதியும் போக்குவரத்துப் பாதுகாப்பும் கேட்டுப் பெற வேண்டியவையே. ஆயின் நம் வீட்டுப் பெண்கள் அடிபட்டுக் கிடக்கும்போது அவர்களைத் தொட்டுப் பார்க்கப் பெண் செவிலி வேண்டுமென முதலில் கேட்பவரும் நாமே. அச்செவிலி எந்த வீட்டிலிருந்து வரவேண்டும்? மதுரை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த செவிலியர் கல்லூரியில் பட்டப்படிப்பு நான்காண்டு; பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற பெண்கள் விண்ணப்பிக்கலாம்.