தீ அணைந்த பின்

தீயணைப்பு வீரரின் மனத்துயரை மருத்துவம் முறையாக ஆராயத் தொடங்கிய வரலாறு மிக அண்மைக் காலத்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980-இல்தான். 1983 பிப்ரவரி 16 அன்று தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மூண்ட காட்டுத்தீ 75 உயிர்களைக் குடித்தது. அத்தீயோடு போராடிய 469 வீரர்களை உளமருத்துவர் அலெக்சாண்டர் மெக்ஃபார்லேன் தொடர்ந்து ஆராய்ந்தார். மாதங்கள் பல கடந்தும் சிலருக்கு அந்த நினைவு தணியவில்லை.

இன்று இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் துணைமுறைகளுள் ஒன்று நியூரோஃபீட்பேக். தன் மூளை அலைகளைத் திரையில் கண்டு, அவற்றைச் சீராக்கப் பழகும் பயிற்சி இது. இதன் பிறப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவுசெய்தவர் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர். 1960களில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன், குறிப்பிட்டதோர் அலை எழும்போதெல்லாம் பூனைகளுக்கு உணவளித்து, அவ்வலையைப் பெருக்கப் பழக்கினார். பின்னர் ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையை ஆராய்ந்தபோது, பழகிய பூனைகளுக்கு வலிப்பு தாமதமாகவே வந்தது. 1991-இல் யூஜின் பெனிஸ்டனும் பால் குல்கோஸ்கியும் வியட்நாம் போர்வீரர்களிடம் இத்தகைய பயிற்சியின் பயனை வெளியிட்டனர்.

அஞ்சியதைச் சொல்லக் கூசும் தொழிலில், கதை கேட்காத சிகிச்சைக்கு மதிப்புண்டு. ஆயினும் பூனைக்குச் சிகிச்சைமேல் நம்பிக்கை கிடையாது, மனிதருக்கு உண்டு. குணம் தருவது பயிற்சியா, நம்பிக்கையா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எனவே தேர்ந்த உளமருத்துவத்துக்கும் உடன் பணியாற்றுவோரின் பரிவுக்கும் துணையாகவே இதனை நாம் கொள்ளவேண்டும், மாற்றாக அன்று.