இணைய நேரலை

இணைய நேரலை (லைவ் ஸ்ட்ரீமிங்) என்பது ஓரிடத்தில் நிகழும் ஒலியையும் காட்சியையும் நிகழும்போதே கணினி வலையமைப்பு வழியாகப் பலருக்கு அனுப்பும் முறை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கோபுரத்திலிருந்து புறப்படும் ஒரே அலை எத்தனை வீடுகளுக்கும் போதும். இணையத்திலோ ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். அந்தப் பிரதிகளை எங்கே எடுப்பது என்ற சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட வழிகளே இத்துறையின் வரலாறு.

மல்டிகாஸ்ட் காலம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் வகுத்த ஐ.பி. மல்டிகாஸ்ட், 1989இல் ஆர்.எஃப்.சி. 1112 என்ற ஆவணமாக வெளிவந்தது. அனுப்புபவர் ஒரு பிரதி அனுப்பினால் போதும். பாதை பிரியும் இடங்களில் ரவுட்டர்களே நகலெடுத்துக்கொள்ளும். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் கூடிய இணையப் பொறியியல் பணிக்குழுவின் விவாதங்கள் இம்முறையில் 20 இடங்களுக்கு ஒலிபரப்பாயின. மல்டிகாஸ்ட் அறியாத ரவுட்டர்களைத் தாண்டிச் செல்லத் தனி இணைப்புகள் அமைத்து உருவான இந்த வலை ‘எம்போன்’ எனப்பட்டது. 1993 ஜூன் 24 அன்று ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்து ‘சிவியர் டயர் டேமேஜ்’ இசைக்குழு இதில் நேரலையாக வாசித்தது. 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டல்லாஸ் கச்சேரியில் ஒரு பகுதியும் இவ்வழியே சென்றது.

பொது இணையத்தில் இம்முறை வேரூன்றவில்லை. வழியிலுள்ள எல்லா நிறுவனங்களின் ரவுட்டர்களும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. யாரிடம் எதற்குக் கட்டணம் வாங்குவது என்பதும் தெளிவாகவில்லை. ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வளாகங்களிலும் ஐ.பி. தொலைக்காட்சிச் சேவைகளிலும் மட்டுமே அது நிலைத்தது. பாரிஸின் எகோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996இல் தங்கள் வளாக வலையமைப்பில் வீடியோ ஓட்டுவதற்காகத் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்ததுதான் வி.எல்.சி. பிளேயர்.

தனி இணைப்புகளின் காலம்

1995இல் ராப் கிளேசரின் புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் ரியல்ஆடியோவை வெளியிட்டது. விநாடிக்கு 14.4 கிலோபிட் வேகமுள்ள டயல்-அப் மோடத்திலும் அது ஓடியது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரைனர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளின் பேஸ்பால் ஆட்ட வர்ணனை இணையத்தில் நேரலையாக ஒலித்தது. நிகழ்நேரத் தரவுக்கான ஆர்.டி.பி. நெறிமுறை 1996இலும், ஓட்டவும் நிறுத்தவும் கட்டளையிடும் ஆர்.டி.எஸ்.பி. 1998இலும் தரப்படுத்தப்பட்டன. கண்காணிப்புக் கேமராக்களில் பின்னது இன்றும் புழங்குகிறது.

இவற்றில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் சர்வர் தனி இணைப்பு வைத்திருந்தது. விநாடிக்கு 2 மெகாபிட் வேண்டும் காட்சியை 1,000 பேர் பார்த்தால், அனுப்பும் பக்கத்தில் 2 ஜிகாபிட் வேண்டும். கூட்டம் சேரச் சேரச் சர்வர் படுத்துவிடும். 2002இல் மேக்ரோமீடியா கொண்டுவந்த ஃபிளாஷ் சர்வரும் அதன் ஆர்.டி.எம்.பி. நெறிமுறையும் பிரவுசருக்குள் வீடியோவை எளிதாக்கின. இணைப்புச் சுமை குறையவில்லை.

துண்டுகளாக்கும் முறை

2009இல் ஐபோனுக்காக ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ்., நேரலையைச் சில விநாடி நீளமுள்ள கோப்புகளாக வெட்டியது. பிளேயர் முதலில் ஒரு பட்டியல் கோப்பைப் படிக்கும். அதிலுள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கும். புதுத் துண்டு வந்ததா என்று பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்கும். நெட் வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்கும். படம் சற்று மங்குமே தவிர, நிற்காது.

துண்டுகள் சாதாரண இணையக் கோப்புகள் என்பதால், இணையப் பக்கங்களுக்காக ஏற்கெனவே ஊர் ஊராக நிறுவப்பட்டிருந்த சேமிப்புச் சர்வர்களே அவற்றையும் வழங்கின. 1998இல் தொடங்கப்பட்ட அகமாய் போன்ற நிறுவனங்களின் கட்டமைப்பு அப்படியே கைகொடுத்தது. 2012இல் எம்.பெக்-டாஷ் என்ற பன்னாட்டுத் தரமும் இதே வழியில் வந்தது.

இன்றைய அமைப்பு

கேமராவின் படமும் மைக்கின் ஒலியும் முதலில் என்கோடருக்குச் செல்கின்றன. 2012இல் வெளியான இலவச மென்பொருள் ஓ.பி.எஸ். இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அது படத்தை எச்.264 முறையிலும் ஒலியை ஏ.ஏ.சி. முறையிலும் சுருக்கி, ரகசியக் குறியீடு ஒன்றுடன் தளத்தின் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதைப் பல தரங்களில் மாற்றித் துண்டாக்கி விநியோகிக்கும். துண்டு வெட்ட, முந்தைய படங்களைச் சாராமல் தனித்து நிற்கும் முழுப்படம் (கீஃபிரேம்) ஒன்று தேவை. ஆகவே இரண்டு விநாடிக்கு ஒரு முழுப்படம் வைப்பது வழக்கம். அப்லோடு வேகம் என்கோடரின் பிட் வேகத்தைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். வைஃபையைவிடக் கேபிள் இணைப்பு நம்பகமானது. 2020 இறுதியில் ஃபிளாஷ் கைவிடப்பட்ட பிறகும், என்கோடரிலிருந்து சர்வருக்கு அனுப்ப ஆர்.டி.எம்.பி.யே பெரும்பாலும் பயன்படுகிறது. 2017இல் திறமூலமாக்கப்பட்ட எஸ்.ஆர்.டி. என்ற நெறிமுறை, தரவுப் பாக்கெட் இழப்பு மிகுந்த இணைப்புகளுக்கு ஏற்றது.

இந்தியாவில்

2010 ஐ.பி.எல். ஆட்டங்கள் யூடியூபில் நேரலையாயின. 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணையைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்க முடிந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் பக்கத்தில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அதே ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டத்தின்போது ஹாட்ஸ்டாரில் இந்த எண்ணிக்கை 5.9 கோடியைத் தொட்டது.

தாமதம்

இந்த வீச்சுக்குக் கொடுத்த விலை தாமதம். தொடக்கத்தில் ஆப்பிள் பரிந்துரைத்த துண்டு நீளம் 10 விநாடி. மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு பிளேயர் ஓடத் தொடங்கினால் காட்சி அரை நிமிடம் பிந்திவிடும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் விக்கெட் விழுந்த கூச்சல் கேட்டபின் கைபேசியில் பந்து வீசப்படுவது இதனால்தான். துண்டுகளைச் சிறிதாக்கியும், முழுத் துண்டு முடியும் முன்பே பகுதி பகுதியாக அனுப்பியும் இடைவெளி சில விநாடிகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. 2011இல் கூகுள் திறந்துவிட்டு, 2021இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆர்.டி.சி. என்ற நுட்பத்தில் தாமதம் ஒரு விநாடிக்கும் குறைவு. ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் மீண்டும் தனி இணைப்பு வேண்டும். எனவே கேள்வி பதில் நடக்கும் வகுப்புக்கும் ஏலத்துக்கும் வெப்ஆர்.டி.சி.யும், கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்துக்குத் துண்டு முறையும் பயன்படுத்தப்படுகின்றன.