கொழுப்புத் திரவப் படிகங்கள்

திரவம்போல் நெகிழ்ந்தும் படிகம்போல் ஒழுங்கு மாறாமலும் இருக்கும் கொழுப்பு மூலக்கூறுத் தொகுதிகள். நீர் சேர்ந்ததும் தாமாகவே உருவாகும் இவை, மருந்தை உள்ளடக்கி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியவிட வல்லவை.

1888இல் பிராகு நகரத் தாவரவியலர் ஃபிரீட்ரிச் ரைனிட்சர், கேரட்டிலிருந்து பிரித்த கொலஸ்டிராலைக் கொண்டு ஆக்கிய பென்சோயேட்டைச் சூடாக்கினார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கியது, 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் எப்படி என்று இயற்பியலர் ஓட்டோ லேமானுக்கு அவர் எழுத, திரவப் படிக ஆய்வு தொடங்கியது. இன்று இப்பெயர் தொலைக்காட்சித் திரையையே நினைவூட்டுகிறது. ஆனால் முதலில் அகப்பட்டது கொழுப்பினப் பொருள்தான்.

மருந்துக்குப் பயன்படுவது வெப்பத்தால் அல்லாமல் நீரால் விளையும் வகை. 1960களில் பிரான்சில் விட்டோரியோ லுசாட்டி எக்ஸ் கதிர்கொண்டு இவற்றின் அடுக்கு, அறுகோண, கனசதுர அமைப்புகளை ஆராய்ந்தார். அவற்றுள் வியப்பூட்டுவது கனசதுரமே. சுவீடனின் லுண்ட் நகரில் கோரே லார்சன் ஆராய்ந்த மோனோஓலீன், உணவுத் தொழிலில் எண்ணெயையும் நீரையும் கலக்க உதவும் எளிய கொழுப்பு. அது நீருடன் சேர்ந்து கனசதுர நிலை அடையும்போது, ஒரே படலம் மடிந்து மடிந்து ஒன்றோடொன்று கலவாத இரண்டு நீர்வழிகளை உண்டாக்குகிறது. அவற்றின் அகலம் சுமார் 5 நானோமீட்டர். நீரில் கரையும் மருந்து அவ்வழிகளில் தங்கும். எண்ணெயில் கரைவது படலத்தில் ஒண்டும். இத்தகைய வளைபரப்புகளை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்மான் ஷ்வார்ட்ஸ் கணித்திருந்தார். கணிதத்துக்காகவே செய்த கணிதம் மருந்தியலுக்குக் கைகொடுத்தது.

ஆயினும் கனசதுர நிலை கெட்டிப் பசையாக இருப்பதால் ஊசிக்குள் ஏறாது. அதைப் பாலிமர் துணையுடன் நுண்துகள்களாக நீரில் பரப்புவது ஒரு வழி. அத்துகள்கள் கியூபோசோம் எனப்படும். நீர்மமாகச் செலுத்திவிட்டு, உடலின் ஈரத்தாலேயே இறுகச் செய்வது மற்றொன்று. நோயாளியை எட்டியது இரண்டாம் வழியே. 1990களில் வந்த எலிசோல் என்னும் ஈறு மருந்தில் மோனோஓலீனுடன் நம் நல்லெண்ணெயும் சேர்ந்தது. பல்லிடுக்கு ஈரம் பட்டதும் அது அறுகோண நிலைக்கு இறுகி, மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை மெல்ல விடுவித்தது.

1991இல் லுண்டில் தோன்றிய கமுரஸ் நிறுவனம் சோயா பாஸ்பாடிடைல்கோலினையும் கிளிசரால் டையோலியேட்டையும் கொண்டு இதே உத்தியை வளர்த்தது. ஓபியாய்டு அடிமைநிலைக்கான அதன் புப்ரெனார்ஃபின் ஊசி ஐரோப்பாவில் 2018இலும் அமெரிக்காவில் 2023இலும் ஒப்புதல் பெற்றது. நாள்தோறும் நாவின்கீழ் வைக்கும் மாத்திரைக்கு மாற்றாக இதை வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ தோலுக்கடியில் போட்டால் போதும். தவறிச் சிரையில் ஏற்றினால் அங்கும் இறுகி இரத்தக் குழாயை அடைத்துவிடும் என்பதால், மருத்துவப் பணியாளர் மட்டுமே இதைச் செலுத்த வேண்டும்.