மண்ணுக்குள் போன கோயிலும் மூன்றாம் நாளும்

2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை. பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து வந்தது. லயங்களோடு சேர்ந்து தோட்டத்துக் கோயிலும் மண்ணுக்குள் போனது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது, வீடிருந்த இடமே தெரியவில்லை.

அன்றைக்கு நம்மில் பலருடைய மனதில் வந்த கேள்வி ஒன்றுதான்: “சாமி எங்க போச்சு?” மலையகத்தில் இது பழைய கேள்வி. நம்ம ஆட்கள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தார்கள் என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்தே மலை ஏறினார்கள். கொலராவிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மா என்றார்கள். ஊரிலிருந்து கூடவே வந்த சாமி அது. அதோடு நிற்கவில்லை, ஊரில் இல்லாத சாமிகளும் இங்கே பிறந்தார்கள். கவ்வாத்து வெட்டும் முன் கும்பிட கவ்வாத்துசாமி, தேயிலை ஃபாக்டரியின் சக்கரத்துக்கு ரோதமுனி. கத்தி வழுக்கும் இடத்திலும், கை சிக்கும் இடத்திலும் ஒரு சாமி இருந்தாகணும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆபத்து வராது என்ற நம்பிக்கையாக இது நமக்குப் படவில்லை. வந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையாகவே படுகிறது.

இதை ரொம்பத் தெளிவாகச் சொல்வது காமன் கூத்து. மாசி மாதம் வந்தால் தோட்டத்துப் பொது இடத்தில் காமனை ஊன்றுவார்கள். தப்பு முழங்கும், ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். பிறகு ரதியின் ஒப்பாரி. வேஷம் கட்டியவர் அழ, பார்க்கிறவர்களும் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுவார்கள். மூன்றாம் நாள் காமன் உயிர்ப்பான். ஆனால் கதைப்படி, திரும்பி வந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்! போனது போன மாதிரியே திரும்பி வராது என்பதைக்கூட மறைக்காத கதை அது. எரித்த சாமியிடமே ரதி மன்றாடுகிறாள் என்பதும் நம்மை யோசிக்க வைத்தது. கோபமும் பக்தியும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

அந்த மன்றாட்டு மேடையைத் தாண்டி வந்த காலம் 1970கள். 1948லேயே பிரஜாவுரிமை போய்விட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எந்தப் பக்கம் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்கவில்லை. 1973–74இல் பஞ்சம், பயிர் வைத்துப் பிழைக்கச் சொந்தமாகத் துண்டு நிலம்கூட இல்லாத தோட்டத்து மக்கள் பசியில் செத்தார்கள். அதே காலத்தில் குடும்பங்களைப் பிரித்துக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது.

அப்போது பதுளையில் நடந்த ஒன்றை நம் தலைமுறை அதிகம் பேசுவதில்லை. 1972 டிசம்பரில் பதுளை தனிக் கத்தோலிக்க மறைமாவட்டமானது. கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, பழைய, வசதியான கண்டியை விட்டுவிட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைத் தானே கேட்டு வாங்கி வந்தார். சிங்களவர். 1982இல் இறக்கும்வரை பதுளையின் ஆயராகவே இருந்தார், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். கடவுள் கைவிடமாட்டார் என்று பிரசங்கம் பண்ணுவது லேசு. எல்லாரும் கோச்சி ஏறிப் போகிற ஊருக்கு ஒரு மனுஷன் எதிர்த்திசையில் வந்து சேர்வது வேறு சங்கதி. லயத்துப் பக்கம் சாமி வந்து குடியேறிய கதையும் இதுவும் நமக்கு ஒரே சாடையில் தெரிகின்றன.

மீரியபெத்தைக்குத் திரும்பலாம். அந்த இடம் ஆபத்து என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. மக்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். போக வேறு வீடு கட்டித் தரப்படவில்லை. அதனால் ‘எல்லாம் கடவுள் செயல்’ என்று யாராவது மேலிருந்து சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை இழந்தவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே வீடும் கேட்டார்கள், காணியும் கேட்டார்கள். மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலை ஃபாக்டரிக்குள் தடுப்பு கட்டி, ஏறக்குறைய இரண்டு வருஷம் காத்திருந்த பிறகுதான் புதுவீட்டுக்குப் போனார்கள்.

சரிந்த மலையில் இப்போது புல் மூடிவிட்டது. தோண்டி எடுக்கப்படாதவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், கோயிலும் அவர்களோடு அடியில் கிடக்கிறது. அக்டோபர் 29 வரும்போது உறவுகள் அந்த மண்மேட்டுக்குப் போய் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்.